வாங்காத நன்றி

டேமா,
ஜூன் 6

அன்புத் தம்பி ஓபிரிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். இடுப்பு மட்டும் இன்னும் உங்கள் அசுவோம் சாலையிலேயே கிடக்கிறது. உன் மனைவி கட்டிக் கொடுத்த சேம்பிலைக் குழம்பு வழியில் கொட்டாமல் வந்ததே பெரிய விஷயம். அவளும் பிள்ளைகளும் சுகம்தானே? மருந்துக்கடை எப்படி ஓடுகிறது?

தீர்ப்பின் நகலை இந்தக் கடிதம் கொண்டுவரும் ஓட்டுநரிடமே கொடுத்தனுப்பியிருக்கிறேன். சேச்சிவா அம்மாவுக்கு நிதானமாகப் படித்துக் காட்டு. கோகோ தோட்டம் அவளுடையதுதான். கணவர் டார்க்வா உயிரோடு இருந்தபோதே அதை அவளுக்குக் கொடுத்துவிட்டார் என்று நீதிபதி ஏற்றுக்கொண்டார். தாய்வழி வாரிசு என்று உரிமை கேட்ட டார்க்வாவின் சகோதரி மகன் பாடு இனி அந்த எல்லைக்குள் கால் வைக்கக் கூடாது. தோட்டம் கைக்கு வந்த அன்று சேச்சிவா அம்மா ஒரு புட்டி ஸ்நாப்ஸ் சாராயமும் ஒரு ஆடும் வைத்து கணவருக்கு நன்றி சொன்னதையும், அவருடைய குடும்பத் தலைவர் அதை வாங்கி எல்லோருக்கும் ஊற்றியதையும் சாட்சிகள் சொன்னார்கள் அல்லவா? நம் வழக்கப்படி நன்றியை வாங்கிவிட்டால் கொடுத்தது கொடுத்ததுதான். என் வாதம் மொத்தமும் அந்தப் புட்டியின் மேல்தான் நின்றது.

நான் கிளம்புகிற நேரத்தில் அவள் ஆட்டோடும் புட்டியோடும் உன் வாசலில் வந்து நின்றதையும், நான் மறுத்ததையும் நீ பார்த்தாய். அப்போதே உன் முகம் சரியில்லை. நான் கம்பெனியின் சம்பளத்தில் இருக்கும் வக்கீல். இந்த மாதிரி இலவச வழக்கு நடத்த கம்பெனி எனக்கு நேரம் தருகிறது. யாரிடமும் எதுவும் வாங்கக் கூடாது என்பது விதி. அந்த விதியை எழுதியவளே நான்தான். அவளிடம் பக்குவமாக எடுத்துச் சொல்.

குழந்தைகளுக்கு முத்தம்.

உன் அக்கா
ஓஃபோரிவா


அசுவோம்,
ஜூன் 23

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடுப்பு இங்கே தட்டுப்படவில்லை. கிடைத்தால் அனுப்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். ஒரு வாய் கூடியிருக்கிறது, அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். மழை நிற்காததால் ஊரே இருமுகிறது, என் கடைக்கு நல்ல காலம்.

ஏன் போன் செய்யாமல் கடிதம் எழுதுகிறாய் என்று நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். போனில் நான் பாதி பேசும்போதே நீ தீர்ப்பு எழுதிவிடுகிறாய். கடிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது.

தீர்ப்பைப் படித்துக் காட்டினேன். சேச்சிவா அம்மா முழுவதும் கேட்டாள். பிறகு, "அந்தப் புட்டியால ஜெயிச்சோம்னு அதுலேயே எழுதியிருக்கா?" என்றாள். எழுதியிருக்கிறது என்றேன். "அப்ப லாயரம்மா என் புட்டிய ஏன் தொடல?" என்றாள். கம்பெனி விதி என்று நீ சொன்னதை அப்படியே சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வழக்கில் ஜெயித்தவர்கள் கழுத்திலும் கையிலும் வெள்ளைப் பவுடர் பூசிக்கொண்டு தெருவில் நடப்பார்களே, அவள் இன்னும் பூசிக்கொள்ளவில்லை. ஊர் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் மேலதிகாரி லார்டேயை விசாரித்ததாகச் சொல்.

ஓபிரி


டேமா,
ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய வாழைக்குலை வந்தது, இங்கே மூன்று வீடு சாப்பிட்டது. நான் நலம். ஒரு வாய் கூடியிருக்கிறது என்று எழுதியிருந்தாய். இந்த வயதில் உன் மனைவியை ஏன்டா படுத்துகிறாய்? அவளை நன்றாகச் சாப்பிடச் சொல்.

ஒரு நல்ல செய்தி. இலவச வழக்கு நடத்தும் கம்பெனி வக்கீல்களை எங்கள் சங்கம் ஆண்டுதோறும் கௌரவிக்கும். நவம்பரில் அக்ராவில் விருந்து. பெயர் பொறித்த பலகை, மேடையில் படிக்கும் வாழ்த்துரை, கூடவே ஒரு இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். எங்கள் கம்பெனி சார்பில் என் பெயரை லார்டே அனுப்பியிருக்கிறார். அவர் ஆண்டு இறுதியில் ஓய்வு பெறுகிறார். அவருடைய இடத்தை நிரப்புவதற்கு முன் இதையெல்லாம் பார்ப்பார்கள். வெளியே சொல்லவேண்டாம்.

விருந்தில் காட்டுவதற்கு ஒரு சின்னப் படம் எடுக்க ஆட்கள் வருவார்கள். சேச்சிவா அம்மா தோட்டத்தில் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும். நல்ல துணி கட்டிக்கொள்ளச் சொல். நீ கூட இரு.

உன் அக்கா


அசுவோம்,
ஆகஸ்ட் 4

அன்புள்ள அக்கா,

உனக்கு விருது வரப்போகிறது என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்லவேண்டும்.

படம் எடுக்க வந்தவர்கள் வந்தார்கள், மூன்று தட்டு ஃபுஃபு சாப்பிட்டார்கள், போய்விட்டார்கள். படம் இல்லை. சேச்சிவா அம்மா கேமராவுக்கு முன்னால் நிற்க மறுத்துவிட்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நன்றி சொல்லத்தான் வீடு தேடிப் போனேன். வாசல்லயே நிறுத்திட்டாங்க. இப்ப அதே நன்றிய இந்தப் பொட்டிகிட்ட சொல்லணுமாம். பொட்டி என்ன, குடிக்குமா?"

கூடிய வாய் என் மனைவி வயிற்றில் இல்லை, கொல்லையில் கட்டியிருக்கிறது. நீ கார் ஏறியதும் சேச்சிவா அம்மா அந்த ஆட்டை இங்கேயே கட்டிவிட்டுப் புட்டியையும் என் அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள். திருப்பி ஓட்டிக்கொண்டு போனால் நன்றியைத் திரும்ப எடுத்துக்கொண்ட மாதிரி ஆகுமாம். அவள் திரும்ப எடுக்க மாட்டாள், நீ வாங்க மாட்டாய். இடையில் நான் கிழங்குத் தோல் பொறுக்கிக்கொண்டு திரிகிறேன். உனக்குக் கோபம் வரும் என்றுதான் இதுவரை எழுதவில்லை.

இதை விடப் பெரிய தலைவலி பாடு. கள்ளுக்கடையில் உட்கார்ந்து அவன் பேசுவது இதுதான்: "கோகோ கம்பெனி வக்கீல். காசும் வாங்கல, சாராயமும் வாங்கல. அப்ப என்னத்த வாங்கப் போறா? தோட்டத்தத்தான்." உன் கம்பெனி கோகோ வெண்ணெய் ஆட்டுகிற கம்பெனி என்பது ஊருக்கே தெரியும். ஊர் வாயை மூட உலைமூடி இருக்கிறதா?

நேரத்துக்குச் சாப்பிடு.

ஓபிரி


டேமா,
ஆகஸ்ட் 10

ஓபிரிக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நினைக்கிறேன்.

தீர்ப்பு தீர்ப்புதான். நான் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் அதில் ஒரு எழுத்து மாறாது. கள்ளுக்கடையில் பேசுவதற்கெல்லாம் நான் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியாது. பாடு எல்லையைத் தாண்டினால் போலீஸில் சொல்லுங்கள், தீர்ப்பின் நகல் அதற்குத்தான்.

ஆட்டை இன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிடு. ஏன் என்று கேட்காதே.

அக்கா


அசுவோம்,
செப்டம்பர் 1

அன்புள்ள அக்கா,

ஏன் என்று கேட்கவில்லை. ஆனால் திருப்பிக் கொடுக்கவும் முடியவில்லை. நீ கிண்டல் செய்த பிரசவம் நிஜமாகவே நடந்துவிட்டது. ஆடு சினையாக இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. இரண்டு குட்டி, இரண்டும் கறுப்பு வெள்ளை. வாங்கப்படாத நன்றி ஈன்ற குட்டி யாருக்குச் சொந்தம் என்று உங்கள் சட்டப் புத்தகத்தில் இருந்தால் எழுது. என் கடைசிப் பெண் அதற்குள் ஒன்றைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்விட்டாள்.

நேற்று இசாக்கா கடைக்கு வந்தான். அந்தத் தோட்டத்தைப் பங்குக்குப் பார்க்கிறவன், உனக்கு நினைவிருக்கும். எடுப்பதில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு, மிச்சம் தோட்டக்காரருக்கு. அவன் நல்லவன், சண்டைக்குப் போகாதவன். "காய் பழுக்க ஆரம்பிச்சிடுச்சு. யாருக்குப் பங்கு பிரிக்கணும்னு தெரியாம நான் கத்திய எடுக்க மாட்டேன். நாளைக்கு ஒரு லாரி வந்து, இது கம்பெனித் தோட்டம்னு சொன்னா, என்னைத்தான் திருடன்னு பிடிப்பாங்க" என்கிறான். சேச்சிவா அம்மாதான் சொந்தக்காரி என்று நான் சத்தியம் செய்தேன். அப்படியானால் அவள் ஏன் பவுடர் பூசவில்லை என்று கேட்டான்.

அவளிடமே போய்க் கேட்டேன். "லாயரம்மா உழைச்சதை எனக்குக் குடுத்தாங்களா, கடனா விட்டு வச்சிருக்காங்களான்னு தெரியலையே. எது என் சொத்துன்னு நான் பூசிக்கிறது?" என்றாள். அவளுக்கு உன் மேல் கோபம் கிடையாது அக்கா. பயம். பாடு பேசியது அவள் காதிலும் விழுந்திருக்கிறது.

புட்டி பத்திரமாக இருக்கிறது. எப்படி இருக்கிறாய் என்று எழுது.

ஓபிரி


அசுவோம்,
செப்டம்பர் 28

அக்காவுக்கு,

சுகம்தானே? உன்னிடமிருந்து கடிதம் இல்லை. ஓட்டுநரிடம் கேட்டால், வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாய் என்கிறான்.

மழை விட்டபாடில்லை. மரத்திலேயே நிற்கும் பழங்களில் கருப்பு நோய் விழுந்துவிட்டது. ஓடைப் பக்கம் ஒரு வரிசை முழுவதும் அழுகிக் கிடக்கிறது. எதிர்ப்பக்க வரிசையில் பாடுவின் ஆட்கள் பட்டப்பகலில் பறித்துக்கொண்டு போனார்கள். போலீஸுக்கு நாலு பேர் சாட்சி சொல்ல வேண்டும், சொல்ல யாரும் வரவில்லை. சொந்தக்காரி வாயைத் திறக்காதபோது அவர்கள் எதற்கு வருவார்கள்? சேச்சிவா அம்மா தினமும் காலையில் தோட்டத்துக்குப் போய் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள். ஒரு காயைக்கூடத் தொடுவதில்லை. அவளுடைய ஒரு வருஷச் சாப்பாடு அந்த மரங்களில் தொங்குகிறது. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உன்னைக் குறை சொல்லவில்லை. நடப்பதைச் சொன்னேன்.

ஓபிரி


டேமா,
அக்டோபர் 7

அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் படித்தேன், பலமுறை. உடம்புக்கு ஒன்றுமில்லை. பதில் எழுத உட்காரும்போதெல்லாம் வேறு வேலை இருப்பதாக நானே சொல்லிக்கொண்டேன்.

விருதுக்கு முன் ஒரு உறுதிமொழியில் கையெழுத்திட வேண்டும். "நான் வழக்கு நடத்திக்கொடுத்த கட்சிக்காரரிடமிருந்து நானோ என் குடும்பத்தாரோ எந்தப் பொருளையும் பெறவில்லை." ஆட்டைத் திருப்பிக் கொடு என்று நான் குதித்தது அதற்காகத்தான். லார்டே அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு, "சும்மா ஒரு சம்பிரதாயம்மா. போட்டுக் குடுங்க" என்றார். அது இன்னும் மேசையில்தான் இருக்கிறது.

உன் கொல்லையில் கட்டியிருப்பது "பெற்றது" ஆகுமா என்று ஒரு மதியம் முழுக்க யோசித்தேன். ஆகாது என்பதற்கு எனக்கு நல்ல வாதங்களே கிடைத்தன. எந்த நீதிபதியும் தலையாட்டுவார். நன்றியை வாங்கினால்தான் கொடுத்தது முடியும் என்று கோஃபோரிடுவா நீதிமன்றத்தில் தொண்டை கிழியக் கத்திய அதே வக்கீல்தான் இந்த வாதங்களையும் யோசித்தாள். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வெட்கமாக இருந்தது.

டார்க்வா வீட்டுக் குடும்பத் தலைவர் சனிக்கிழமைகளில் ஊரில் இருப்பாரா? இந்த மாதிரி நன்றியை வாங்கும்போது எதிராளியும் கூட உட்கார வேண்டுமா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

குட்டிகளுக்குப் பெயர் வைக்க விடாதே. வைத்துவிட்டால் பிறகு சாப்பிட முடியாது.

உன் அக்கா


அசுவோம்,
அக்டோபர் 22

அன்புள்ள அக்கா,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தாயா? வழியில் தொண்டை எரிந்ததா? சனிக்கிழமை சேச்சிவா அம்மாவின் நன்றியை வாங்கி, ஸ்நாப்ஸை ஒரே வாயில் ஊற்றிக்கொண்டு நீ இருமிய இருமலைப் பற்றித்தான் ஊரில் இன்னும் பேச்சு. என் கடைக்கு இருமல் மருந்து வாங்க வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை நடித்துக் காட்டிவிட்டுப் போகிறார்கள்.

நீ போன பிறகு என்ன ஆயிற்று என்று எழுதுகிறேன். குடும்பத் தலைவர் அன்று பாடுவைக் கூப்பிட்டு உன் பக்கத்திலேயே உட்கார வைத்தாரே, அது சும்மா இல்லை. கோப்பை அவன் கைக்கு வந்தபோது அவன் விழித்த விழி, விளக்கெண்ணெய் குடிக்கச் சொன்ன பிள்ளை மாதிரி. பெரியவர் முன்னால் மறுக்க முடியுமா? குடித்தான். குடித்த வாயால் இனி அந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேச முடியாது. கள்ளுக்கடையில் இப்போது பந்து விளையாட்டைப் பற்றிப் பேசுகிறானாம். இசாக்கா திங்கட்கிழமை காலையிலேயே கத்தியோடு தோட்டத்தில் இறங்கிவிட்டான். அழுகியது போக மிச்சம் தேறும் என்கிறான். பாதிக்கு மேல் போய்விட்டது, அதை மறைக்க மாட்டேன்.

ஆடு உன்னுடையது, குட்டிகளுக்குப் பால் வேண்டும் என்பதால் அறுக்காமல் உன் பெயரில் என் கொல்லையில் நிற்கிறது. குட்டிகளுக்குப் பெயர் வைத்தாகிவிட்டது. என்னால் தடுக்க முடியவில்லை.

நீதான் ஒரு தப்புச் செய்துவிட்டாய். விடிவதற்கு முன்னால் ஏன் கிளம்பினாய்? சேச்சிவா அம்மா ஞாயிற்றுக்கிழமை காலையில், முறைப்படி, "நேத்து செஞ்சதுக்கு நன்றி" என்று சொல்ல வந்தாள். வெள்ளைத் துணி, கழுத்தெல்லாம் பவுடர், கூட இரண்டு பெண்கள். கையில் பவுடர் டப்பா. நீ போய்விட்டாய் என்றதும் அவள் முகம் விழுந்துவிட்டது. "ஜெயிச்சது ரெண்டு பேரு. நான் மட்டும் பூசிக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கு?" என்றாள். உன் கம்பெனி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். டேமா பெரிய ஊர் என்று சொன்னேன்.

அந்த உறுதிமொழித் தாளை என்ன செய்தாய் என்று நீ சொல்லவில்லை. நானும் அன்று கேட்கவில்லை.

ஓபிரி


டேமா,
நவம்பர் 19

அன்புத் தம்பி ஓபிரிக்கு,

உன் மனைவிக்குக் காய்ச்சல் என்று ஓட்டுநர் சொன்னான். இப்போது தேவலையா? மருந்துக்கடைக்காரன் வீட்டிலேயே காய்ச்சல் என்றால் யார் உன்னை நம்புவார்கள்? நான் நலமாக இருக்கிறேன். இது வழக்கத்துக்கு எழுதுவதல்ல, உண்மையாகவே நலம்.

அசுவோமிலிருந்து திரும்பிய திங்கட்கிழமையே கம்பெனியின் பரிசுப் பதிவேட்டில், வாங்கியது ஒரு ஆடு, இரண்டு குட்டி, ஒரு புட்டி ஸ்நாப்ஸ், அதில் ஒரு வாய் குடித்தேன் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தப் பதிவேட்டில் இதுவரை இருந்தது பேனாவும் நாட்காட்டியும்தான். லார்டே இரண்டு முறை படித்தார். "ஆடா?" என்றார். ஆமாம் என்றேன். "இத எழுதாமலே இருந்திருக்கலாமேம்மா" என்றார். அவர் கெட்டவர் இல்லை. அந்த உறுதிமொழித் தாளை வெறுமையாகவே அவர் கையில் திருப்பிக் கொடுத்தேன்.

என் இடத்தில் எங்கள் பிரிவின் செலோம் பெயரை அனுப்பினார்கள். விசாரணை இல்லாமல் சிறையில் கிடந்தவர்களுக்கு ஜாமீன் வாங்கிக் கொடுத்தவள். நல்ல வேலை, விருதுக்குத் தகுதியானவள். அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது, தகுதியில்லாதவளாக இருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். வெள்ளிக்கிழமை விருந்தில் அவளுக்காகக் கைதட்டினேன். ஃப்ரிட்ஜ் நிஜமாகவே பெரியது. வீட்டுக்கு வந்து கொஞ்சம் அழுதேன்.

நேற்று திங்கட்கிழமை. காலைக் கூட்டத்துக்குப் போகிற நேரத்தில் வாசல் காவலாளி கூப்பிட்டார். யாரோ வெள்ளைத் துணி கட்டிய அம்மா, உள்ளே வர மாட்டேன் என்று நிற்கிறார் என்றார். சேச்சிவா அம்மா. கார் நிலையத்திலிருந்து நேரே வந்திருக்கிறாள். கையில் இருந்த முகவரிச் சீட்டில் உன் மருந்துக்கடை முத்திரை இருந்தது. டேமா பெரிய ஊர்தான் தம்பி, அதனால்தான் வழி அவ்வளவு விவரமாக எழுதியிருந்தாய் போல.

அவள் ஆட்டைப் பற்றியோ தோட்டத்தைப் பற்றியோ பேசவில்லை. "அன்னைக்கு செஞ்சதுக்கு நன்றி லாயரம்மா. சொல்ல வந்தேன், நீங்க போயிட்டீங்க" என்றாள். பிறகு டப்பாவைத் திறந்தாள். லாரிகள் உள்ளே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தன. நான் அலுவலகச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டுக் குனிந்தேன். கழுத்தில் பூசினாள், இரண்டு முழங்கையிலும் பூசினாள், மிச்சத்தை என் தலையில் தட்டினாள். காவலாளி தொப்பியைக் கழற்றிவிட்டார். உள்ளே வந்து தண்ணீராவது குடி என்று கெஞ்சினேன். அறுவடை கிடக்கிறது என்று அடுத்த வண்டிக்கே போய்விட்டாள்.

கூட்டத்துக்குத் தாமதமாகிவிட்டது. செலோமின் பலகை மேசை நடுவில் இருந்தது. லார்டே அவளைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தவர், நான் நுழைந்ததும் நிறுத்திவிட்டார். இந்த நாட்டில் அந்த வெள்ளைக்கு யாருக்கும் அர்த்தம் சொல்ல வேண்டியதில்லை. செலோம்தான் முதலில் எழுந்து வந்தாள். என் கையைப் பிடித்துக் குலுக்கினாள், அவள் கையிலும் ஒட்டிக்கொண்டது. "எந்தக் கேஸ் ஜெயிச்சீங்க அக்கா?" என்றாள். சொன்னேன். ஒவ்வொருவராக எழுந்து வந்து கை கொடுத்தார்கள், கடைசியில் லார்டேயும்.

அவருடைய நாற்காலி யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்குக் கிடைக்கும் என்று தோன்றவில்லை. கிறிஸ்துமஸுக்கு அங்கே வருகிறேன். குட்டிகளின் பெயர் என்னவென்று எழுது, வருவதற்குள் பழக்கிக்கொள்கிறேன்.

பவுடரைப் பதிவேட்டில் எழுதவில்லை. மறைக்கிறதற்கு அதில் என்ன இருக்கிறது? சாயங்காலம் வரைக்கும் கழுத்தைத் துடைக்காமல்தான் உட்கார்ந்திருந்தேன்.

உன் அக்கா
ஓஃபோரிவா